பழுத்த பு-எர் டீ குடித்தேன், மீன் சந்தை வாசம் அடிக்கிறது. இதை எப்படி ரசிக்கிறீர்கள்? எங்கிருந்து தொடங்கலாம்?

நண்பர் கொடுத்த பு-எர் என்ற சீன டீயைப் போட்டதும் மீன் சந்தைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது, அந்தப் பொட்டலத்தைத் தூக்கிப் போடலாமா வைத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். நானும் ஏழெட்டு வருடம் முன்பு இதே இடத்தில்தான் நின்றேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஊர் திருவாரூர் பக்கம், வேலை சிங்கப்பூரில். டீ என்றால் எனக்கு அதுவரை டஸ்ட் டீ, பால், சீனி, ஆற்றும் சத்தம், அவ்வளவுதான். அலுவலகத்தில் கேன்டனீஸ் மொழி பேசும் சீனப் பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அங்கிள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிம்சம் என்ற சீனச் சிற்றுண்டி சாப்பிட அழைத்துப் போனார். உட்கார்ந்ததுமே என்ன டீ வேண்டும் என்று வந்து நின்றார்கள். "போலே" என்றார் அங்கிள். பு-எருக்குக் கேன்டனீஸில் அதுதான் பெயர். கோப்பையில் ஊற்றினால் பால் விடாத டிகாஷன்போலக் கருப்பு. கசக்கப் போகிறது என்று முகத்தைத் தயார் செய்துகொண்டு குடித்தேன். கசக்கவில்லை, துவர்க்கவும் இல்லை. மழை விட்ட பிறகு வைக்கோல் போர்ப் பக்கம் போனால் ஒரு வாசம் வருமே, அது. வழவழவென்று தொண்டையில் இறங்கியது. பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு அது வேண்டும்போல் இருந்தது.

பு-எர் சீனாவின் யுன்னான் மாநிலத்துச் சரக்கு. அசாம் தேயிலை இருக்கிறதே, அதே பெரிய இலை வகைச் செடி. இலையைப் பறித்து, வாட்டி, இரும்புச் சட்டியில் வதக்கி, உருட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். இதுவரை எல்லாமே ஒன்று. இதற்குமேல்தான் வழி பிரிகிறது. அப்படியே நீராவியில் இளக்கி வட்டாக அழுத்தி வைத்தால் அது ஷெங். ஷெங் என்றால் பச்சை. நாம் பச்சைக் காய், பச்சரிசி என்கிறோமே அந்தப் பச்சை. கிரீன் டீ என்று நினைத்துவிட வேண்டாம். இது வருடக்கணக்கில் தானாக முதிரும். இன்னொன்று ஷூ. பழுத்தது, வெந்தது என்று பொருள். (காலில் போடும் ஷூ இல்லை. சில மட்டமான சரக்கை முகர்ந்தால் அந்தச் சந்தேகமும் வரும்.) உங்கள் கையில் இருப்பது இந்த ஷூ.

பச்சை பழுக்க 20, 30 வருடம் ஆகும். ஹாங்காங்காரர்களுக்கு அந்த முதிர்ந்த, கருத்த டீதான் வேண்டும். அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? ஈரமான கிடங்கில் வைத்து வேகப்படுத்திப் பார்த்தார்கள். குவாங்டோங் மாநிலத்திலும் நனைத்துப் புளிக்கவைக்கும் முறைகள் இருந்தன. அதைப் பார்த்து வந்து 1973-ல் குன்மிங் தேயிலைத் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு முறையை உருவாக்கினார்கள். வூ சீயிங் என்ற பெண்மணியின் பெயர் இதில் முக்கியமானது. மெங்ஹாய் தொழிற்சாலையும் சேர்ந்துகொண்டது. இந்த முறைக்குப் பெயர் வோ துய், அதாவது நனைத்துக் குவிப்பது.

குவிப்பது என்றால் டன் கணக்கில். சிமெண்ட் தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு இலையைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, துணி போட்டு மூடிவிடுவார்கள். ஈரம் காயாமல் அம்பாரம் போட்ட நெல்லுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். உள்ளே கொதிக்க ஆரம்பிக்கும். பூஞ்சைகளும் ஈஸ்டுகளும் பெருகும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை அதில் முக்கியமான ஒன்று. சூடு 50, 60 டிகிரிவரை போகும். அதைத் தாண்டிப் போக விட்டால் நடுவில் இருக்கும் இலை கருகிக் கரியாகிவிடும். சூடு ஏறாமல் போனாலோ புளித்து ஊசிவிடும். ஆகவே சில நாட்களுக்கு ஒருமுறை ஆட்கள் மண்வெட்டியோடு இறங்கிக் குவியலைக் கிளறிப் புரட்டுவார்கள். 45 முதல் 60 நாள் இந்த வேலை. நம் வீட்டில் மாவு பொங்கிவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்ப்பதுபோல், அங்கே குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, முகர்ந்து முடிவு செய்யும் ஆள்தான் அந்த டீயின் தலையெழுத்தை எழுதுகிறவர். அதே தோட்டத்து இலை, புரட்டத் தெரியாதவர் கையில் போனால் சாக்கடை வாசம் அடிக்கும்.

இதில்தான் இலையின் கசப்பும் துவர்ப்பும் உடைந்து போகின்றன. அந்தக் கருஞ்சிவப்பு நிறமும் வழவழப்பும் வருவது இப்படித்தான். கூடவே அந்த மீன் வாசமும் வருகிறது. குவியல் வாசம் என்றே அதைச் சொல்வார்கள். புது ஷூவில் அது இருக்கத்தான் செய்யும். இரண்டு மூன்று வருடம் காற்றுப்பட இருந்தால் பெரும்பாலும் போய்விடும். உங்கள் பொட்டலத்தில் தயாரித்த ஆண்டு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். போன வருடம் என்றால், பாவம், அதைக் குழந்தையிலேயே குடித்திருக்கிறீர்கள். நம் வீட்டில் புது அரிசி குழையும், புதுப் புளி ஆகாது என்று பழையதைத் தேடுவதில்லையா? பானைக்குள் கருத்துப்போன பழம்புளியின் மதிப்பு தெரிந்தவருக்கு ஷூ பு-எர் அந்நியமே இல்லை.

ஆண்டு என்றதும் என் முட்டாள்தனம் ஒன்று ஞாபகம் வருகிறது. மோகம் பிடித்த புதிதில் ஒரு கடையில் 357 கிராம் வட்டு ஒன்றைப் பார்த்தேன். காகிதத்தில் 7572 என்று போட்டிருந்தது. கடைக்காரர் "75, 75" என்று விரலால் தட்டிக் காட்டினார். 1975-ல் செய்தது என்று எனக்கு நானே முடிவுகட்டிக்கொண்டேன். அவரும் திருத்தவில்லை. கொடுத்த விலையை இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் அங்கிளிடம் பெருமையாகக் காட்டினேன். மனிதர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். 75 என்பது அந்தக் கலவையை உருவாக்கிய ஆண்டு. 7 இலையின் தரம். கடைசியில் வரும் 2, மெங்ஹாய் தொழிற்சாலைக்கான எண். 1 என்றால் குன்மிங், 3 என்றால் சியாகுவான். நான் வாங்கிய வட்டுக்கு வயது மூன்று. எப்போது செய்தது என்பது காகிதத்தின் பின்பக்கம் சின்ன முத்திரையாக இருந்தது.

இதில் வேடிக்கை, அந்த 7572 நல்ல டீதான். ஷூ எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோலாகப் பலர் வைத்திருப்பதே அதைத்தான். விலைதான் அதன் விலை இல்லை.

அந்த வட்டை ஊருக்கும் கொண்டுபோனேன். அம்மா காகிதத்தைப் பிரித்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏண்டா, வரட்டியையா விமானத்துல தூக்கிட்டு வந்த?" என்றார். உருவத்தில் அப்படித்தான் இருக்கும், என்ன செய்வது. போட்டுக் கொடுத்தேன். "பிரசவ மருந்து கணக்கா இருக்கு, ஆனா தொண்டைக்கு நல்லாருக்கு" என்று முழு டம்ளரையும் குடித்துவிட்டு, அடுத்த டம்ளருக்குக் கருப்பட்டி போடச் சொன்னார். கருப்பட்டி போட்டதை எந்த ரசிகர் கூட்டத்திலும் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்: பிரமாதமாக இருந்தது.

சரி, உங்கள் பொட்டலத்துக்கு வருவோம். வட்டாக இருந்தால் கத்தியை ஓரத்தில் படுக்கவாட்டில் செருகி, ஏடு ஏடாகப் பெயர்த்தெடுங்கள். நொறுக்க வேண்டாம், தூள் அதிகமானால் டீ கலங்கும். கத்தி நுனியை உங்கள் மற்றொரு கைக்கு நேராக மட்டும் வைக்காதீர்கள், எனக்கு இரண்டு தையல். பெயர்த்ததை ஒரு மண்பாத்திரத்தில், இல்லையென்றால் பீங்கான் ஜாடியில் போட்டு, மேலே துணி கட்டி இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். வாசம் பாதியாவது இறங்கும்.

போடும்போது கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வேண்டும். கிரீன் டீக்குச் சொல்வதுபோல் ஆறவைப்பதெல்லாம் இதற்கு ஆகாது. என்னிடம் இருப்பது கைவான் என்ற மூடிபோட்ட பீங்கான் கிண்ணம், 100 மில்லி பிடிக்கும். அதற்கு 6, 7 கிராம் இலை. முதல் தண்ணீரை ஊற்றி உடனே கீழே கொட்டிவிடுவேன். இரண்டாவதையும் கொட்டுவேன். புது டீயாக இருந்தால் இந்த இரண்டு கழுவலிலேயே கவுச்சி நிறையப் போய்விடும். அப்புறம் 10 விநாடி, 10 விநாடி, 15 விநாடி என்று வடித்துக் குடிக்க வேண்டியதுதான். எட்டு முறையாவது தாங்கும். மூன்றாவது, நான்காவது ஊற்றல்தான் எனக்கு உச்சம். பேரீச்சம்பழம், நனைந்த மரம், சில சமயம் பச்சைக் கற்பூரத்தின் குளிர்ச்சி. ஆறாவதுக்கு மேல் வெறும் இனிப்பு. கைவான் இல்லையென்றால் கவலை வேண்டாம், சின்ன எவர்சில்வர் வடிகட்டியும் டம்ளரும் போதும். அலுவலகத்துக்கு நான் எடுத்துப் போவது ஃபிளாஸ்க்தான். அரை லிட்டருக்கு 3 கிராம், காலையில் போட்டு மூடினால் பதினோரு மணிக்குத் திறக்கலாம்.

பாதுகாப்பதில் நான் இரண்டு தப்பு செய்தேன். முதல் தப்பு, சமையலறை அலமாரியில் வைத்தது. பக்கத்தில் சாம்பார்ப் பொடி, அதற்குப் பக்கத்தில் பெருங்காயம். மூன்று மாதம் கழித்துப் போட்ட டீ, ரசம். இந்த இலை சுற்றி இருக்கும் வாசத்தை எல்லாம் உறிஞ்சும். இரண்டாவது தப்பு, பயந்துபோய் ஜன்னலோரம் மாற்றியது. சிங்கப்பூரில் டிசம்பர் மழை சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் பார்த்தால் வட்டின் ஓரத்தில் பூனை முடிபோல வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைத் துடைத்துவிட்டுக் குடிக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் குப்பையில் போட்டேன். குவியல் வாசத்துக்கும் பூசண வாசத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றுதான் கற்றுக்கொண்டேன். முன்னது மூக்கில் நிற்கும். பின்னது தொண்டையைப் பிடிக்கும், பூட்டிக்கிடந்த வீட்டின் ஈரச்சுவர்போல. உங்களுடையது அந்த இரண்டாவது ரகம் என்றால் மட்டும் தூக்கிப் போடுங்கள். இப்போது என் வட்டுகள் படுக்கையறையில் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன, பக்கத்தில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி. 65 முதல் 70 சதவீதத்தில் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்து வாங்குவதானால் முழு வட்டு வேண்டாம். கிண்ணம் கவிழ்த்த வடிவத்தில் 100 கிராம் துவோ கிடைக்கும், நான்கைந்து வருடம் ஆன ஒன்றைக் கேளுங்கள். மெங்ஹாய் தொழிற்சாலையின் தாயி, அல்லது சியாகுவான், இந்த இரண்டு பெயரில் எதை எடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கலாம். முன்னூறு வருட மரம், ராஜகுடும்பத்து டீ என்று ஆரம்பிக்கிறவர்களிடம் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். உடம்பு இளைக்க என்று விற்பவர்களிடம் எப்போதுமே கொடுக்காதீர்கள். வாசம் இன்னும் உறுத்தினால் குட்டி மாண்டரின் பழத்தைக் குடைந்து அதற்குள் ஷூவை அடைத்துக் காயவைத்தது ஒன்று உண்டு. குவாங்டோங்கின் சின்ஹுய் பகுதிப் பழம். ஆரஞ்சுத் தோல் வாசத்தில் மீன் காணாமல் போகும். அங்கிளுக்கு அது பிடிக்காது, "சின்னப்பிள்ளை டீ" என்பார். எனக்குப் பிடிக்கும்.

கொஞ்சம் பழகிய பிறகு லாவ் சா தோவ் தேடுங்கள். குவியலுக்குள் இலையெல்லாம் பசைபோல ஒட்டிக் கல்லாக இறுகிய கட்டிகள். ஒருகாலத்தில் உடைக்க முடியாமல் ஓரமாக ஒதுக்கிய மிச்சம், இன்று தனியாகக் கேட்டு வாங்குகிறார்கள். பனங்கற்கண்டுத் துண்டு அளவில் கருகருவென்று இருக்கும். சீக்கிரம் கரையாது. ராத்திரி பத்து முறை வடித்துக் குடித்துவிட்டு, மிச்சத்தைச் சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இப்போது போய் அடுப்பை அணைக்க வேண்டும்.