பயிற்சி பெற்ற குதிரைக்கு விரைவில் மூச்சிரைக்காதது ஏன்?

நுவரெலியா பந்தயத் திடலில் ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு குதிரைகளில் ஒன்றுக்கு மட்டும் மூச்சிரைக்காததற்குக் காரணம் உடற்பழக்கம். அதாவது, பல வாரங்களாக ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி உடலை உழைப்புக்குப் பழக்குதல். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 தடவை வரை துடிக்கும் குதிரையின் இதயம், முழுவேகத்தில் 220ஐ எட்டக்கூடும். பழகிய இதயமோ ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளுவதால், அதே வேகத்துக்குக் குறைந்த துடிப்புகளே அதற்குப் போதுமாகின்றன. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பெருகுவதால், அவற்றுக்கு வேண்டிய ஒட்சிசன் எளிதில் கிடைத்து மூச்சிரைப்பு தள்ளிப்போகிறது. தேயிலைத் தோட்ட வேலைக்குப் புதிதாகப் பேர் பதிந்தவர் கொழுந்துக் கூடையோடு மேட்டில் பத்தடிக்கொரு தரம் நிற்க, பழகியவர் பேசிக்கொண்டே ஏறுவதைப் போன்றது இது. மூச்சிரைக்காத குதிரை முழுத் தகுதி பெற்றுவிட்டதென்று பலர் கருதினாலும், எலும்பும் தசைநாணும் இதயத்தைவிட மெதுவாகவே உறுதிபெறுகின்றன.