முதல் டாட்டூ: ஆறிய வேலையைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். வயது 21, ஓசூரில் கம்பெனி வேலை. அம்மா பெயரைத் தமிழில், மணிக்கட்டின் உள்பக்கம் சின்னதாகப் பச்சை குத்திக்கொள்ள ஆசை. பக்கத்தில் ஒரு நடுகல் வீரன் படமும் வேண்டும். திருவிழாவில் கடை போட்டிருந்தவர் அரை மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். பெங்களூரு ஸ்டுடியோவில் கேட்டால் நான்கு மடங்கு விலை சொல்கிறார்கள். மத்தியப் படைத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்த டிசைன், யாரிடம் போவது?

பதில்: விலையைக் கடைசியில் பார்க்கலாம். உங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி யாராவது இருந்தால், முதலில் அவர் முன்கையைப் பாருங்கள். கோலப் பச்சை இருந்தால் கோடு தடித்து, கறுப்பு நிறம் பச்சை கலந்த நீலமாக மாறியிருக்கும். ஆனாலும் புள்ளி எது, கோடு எது என்று இன்றைக்கும் தெரியும், ஏனென்றால் குத்தியவர் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருக்கிறார். அதே கையில் பொடி எழுத்தில் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் கறையாகத்தான் தெரியும். டிசைன் தேர்வில் கவனிக்க வேண்டியதில் பாதி இந்த ஒரு கையிலேயே இருக்கிறது.

காரணம் தோலுக்குள் நடப்பது. ஊசி 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், தோலின் நடு அடுக்கில் இங்க்கை வைக்கிறது. மேல் அடுக்கு மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாவதால் அங்கே வைத்தது தங்காது. நடு அடுக்கில் வைத்ததை உடம்பு அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. அங்குள்ள பாதுகாப்பு செல்கள் இங்க்கை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் இறந்தால் அடுத்தது எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் பச்சை அழிவதில்லை. இப்படிக் கைமாறும்போது கொஞ்சம் கொஞ்சமாக நகரவும் செய்வதால், எவ்வளவு பெரிய கைகாரர் குத்தினாலும் வருடங்கள் போகப் போகக் கோடு தடிக்கும். அதற்கு இடம் விட்டு வரைந்த டிசைன் நிற்கும்.

இப்போது அம்மா பெயர். உதாரணத்துக்குக் ‘கண்ணம்மாள்’ என்று வைத்துக்கொள்வோம். இதில் மூன்று சுழி ண இரண்டு முறை வருகிறது. ண், ம், ள் என்று மூன்று புள்ளிகளும் இருக்கின்றன. மணிக்கட்டின் குறுக்கே ஐந்து சென்டிமீட்டருக்குள் இதை அடக்க வேண்டுமானால் எழுத்தின் உயரம் நான்கைந்து மில்லிமீட்டர்தான் வரும். அந்த அளவில் ஒரு சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கோடு போடும் மிக மெல்லிய லைனர் ஊசிகளில் ஒன்றான மூன்று முனை ஊசி போடும் கோடே சுமார் அரை மில்லிமீட்டர் வரும். சில வருடங்களில் சுழிகள் அடைபட்டு மூன்று சுழியா இரண்டு சுழியா என்று தெரியாமல் போகும், புள்ளிகள் எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்துக்குக் கூடுதல் இடம் வேண்டியிருப்பது இதனால்தான். எழுத்தின் உயரம் 12 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். ஒவ்வொரு சுழிக்குள்ளும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வெற்றிடமும், புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே அதே இடைவெளியும் இருக்கட்டும். அப்படி எழுதினால் பெயர் சுமார் 9, 10 சென்டிமீட்டர் நீளம் வரும். மணிக்கட்டின் குறுக்கே அது நிற்காது. முன்கையின் உள்பக்கம், முழங்கையிலிருந்து மணிக்கட்டு நோக்கி நீளவாக்கில் அழகாக உட்காரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பெயரை உண்மையான அளவில் ஜெல் பேனாவால் எழுதுங்கள். அதன் மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் ஒருமுறை ஓட்டுங்கள். காகிதத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால், பல வருடம் கழித்து உங்கள் கையில் எப்படித் தெரியும் என்பதற்கு அது நல்ல அடையாளம். சுழி அடைபட்டால் டிசைன் சின்னது என்று பொருள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெங்களூருவில் குத்துபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். எழுத்தைப் படமாகப் பார்த்துத்தான் வரைவார். டிசைன் சாஃப்ட்வேர்களில் தமிழைத் தட்டும்போது ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்வதும், கொம்பும் காலும் பிரிந்து வருவதும் உண்டு. அதனால் ஃபான்ட்டை நம்பாமல் நல்ல கையெழுத்துக்காரர் ஒருவரிடம் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிப் போங்கள். அம்மாவே எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்தக் கையெழுத்தையே பெரிதாக்கி ஸ்டென்சில் (குத்துவதற்கு முன் தோலில் ஒட்டி டிசைனைப் பதிக்கும் தாள்) எடுக்கலாம். ஸ்டென்சில் கையில் ஒட்டிய பிறகு எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். செல்ஃபி கேமரா சில போன்களில் படத்தைத் திருப்பிக் காட்டும் என்பதால் பின்பக்கக் கேமராவில் படம் எடுத்து, தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொருவருக்கும் அனுப்பிக் கேளுங்கள். ஸ்டென்சில் தவறினால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டலாம், ஊசி இறங்கிய பிறகு அது முடியாது.

இனி நடுகல் வீரன். தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் இருக்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். அவை புடைப்புச் சிற்பங்கள். நிழல்தான் அவற்றுக்கு உருவம் தருகிறது. போட்டோவை அப்படியே சின்னதாகக் குத்தினால் சாம்பல் நிறத் திட்டுதான் மிஞ்சும். வில், வாள், கொண்டை, இடுப்புக் கச்சை என்று வெளிக்கோட்டை மட்டும் எடுத்து, உள்ளே அடர்ந்த கறுப்பும் வெறும் தோலும் மாறி மாறி வரும்படி வரையச் சொல்லுங்கள். உயரம் குறைந்தது 10 சென்டிமீட்டர். கல்லில் உள்ள வட்டெழுத்தையும் (பழைய தமிழ் எழுத்து வடிவம்) சேர்க்க ஆசைப்பட்டால் அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் கேட்ட பிறகு சேருங்கள். ஆநிரைப் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த ஒரு மனிதரின் பெயர் அதில் பெரும்பாலும் இருக்கும், அவர் யார் என்று தெரிந்து சுமப்பதுதான் மரியாதை.

நிறத்தைப் பொறுத்தவரை நம் தோலுக்குக் கறுப்புதான் முதல் தேர்வு. தோலின் இயல்பு நிறம் இங்க்குக்கு மேலே கண்ணாடித் தாள் மாதிரி இருப்பதால், வெள்ளையும் வெளிர்மஞ்சளும் இளஞ்சிவப்பும் அதன் வழியே மங்கிப்போகும். மல்லப்பாடி பாறை ஓவியங்களின் வெண்கோடு பாறையில் பளிச்சென்று தெரியும். மாநிறக் கையில் வெள்ளை இங்க்கில் குத்தினால் ஆறிய தழும்பு மாதிரித்தான் இருக்கும். ஒவ்வாமையை அதிகம் கிளப்பும் நிறம் சிவப்பு. முதல் டாட்டூவில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படைத் தேர்வு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஆள்சேர்ப்பு விதியில் மதச் சின்னம் அல்லது உருவம், பெயர் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. முன்கையின் உட்புறம் என்றால் சல்யூட் அடிக்காத இடது கையில் மட்டும், இல்லையென்றால் புறங்கையில். அளவு அந்த உறுப்புப் பகுதியின் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். ராணுவத்திலும் முன்கையின் உட்புறமும் புறங்கையும்தான் அனுமதிக்கப்பட்ட இடங்கள். மேல்கை, தோள், கழுத்து, மார்பு என்றால் மருத்துவப் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே இப்போது இடது முன்கையின் உட்புறம் அம்மா பெயர் மட்டும் போதும். வீரன் படத்தைத் தேர்வு முடிவு தெரியும்வரை தள்ளிப் போடுங்கள். விண்ணப்பிக்கும் வருடத்து அறிவிப்பில் டாட்டூ பத்தியை ஒருமுறை படித்துவிட்டுத்தான் ஸ்டுடியோவுக்கே போக வேண்டும்.

யாரிடம் போவது? இன்ஸ்டாகிராமில் காட்டும் படங்கள் பெரும்பாலும் குத்திய அரை மணியில் எடுத்தவை. தோல் சிவந்து வீங்கியிருக்கும், இங்க் பளபளக்கும், எல்லாக் கோடும் கூர்மையாகத் தெரியும். அதில் எந்தக் கைகாரரும் நன்றாகத்தான் தெரிவார். “ஒரு வருஷம் ஆன வேலை இருந்தா காட்டுங்கண்ணா, ஆறினது” என்று கேளுங்கள். ஆறிய படத்தில் சிவப்பு இருக்காது, மேலே ரோமம் முளைத்திருக்கும், தோல் வரி தெரியும். அதுவும் நம்மைப் போன்ற மாநிற, கறுத்த தோலில் செய்ததாக, அந்தக் கடையில் உங்களுக்குக் குத்தப்போகும் அதே ஆள் செய்ததாக இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கி மூன்று இடங்களைப் பாருங்கள். கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் உருண்டையாகத் தடித்திருந்தால் கை நின்று நின்று போயிருக்கிறது. வட்டம் மூடும் இடத்தில் படி தெரிந்தால் தமிழ்ச் சுழிக்கு அந்தக் கை சரிப்படாது. கோட்டைச் சுற்றி நீலப் புகை படர்ந்திருந்தால் ஊசி ஆழமாக இறங்கி, தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் இங்க் கசிந்திருக்கிறது. மணிக்கட்டு, கணுக்கால், விரல் என்று தோல் மெலிந்த இடங்களில் இது சீக்கிரம் நடக்கும். நீங்கள் கேட்ட இடத்தை மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழ் எழுத்தில் ஆறிய வேலை ஐந்தாறாவது காட்ட முடிந்தவர் கிருஷ்ணகிரியில் இருந்தாலும் சேலத்தில் இருந்தாலும் அவரே உங்களுக்கு ஏற்றவர். பெரிய ஊர், பெரிய விலை என்பதெல்லாம் கைக்கு உத்தரவாதம் ஆகாது.

திருவிழாக் கடை வேண்டாம். அங்கே ஊசி மாற்றுவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை; ஒரே மூடியில் ஊற்றிய இங்க்கில் பத்துப் பேருக்குத் தோய்ப்பார்கள். மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். வெந்நீரில் முக்கி எடுப்பது போதாது. முதலில் அந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி.

ஸ்டுடியோவுக்கு ஒருநாள் சும்மா போய், வேறொருவருக்குக் குத்துவதை நின்று பாருங்கள். ஊசிக் கார்ட்ரிட்ஜ் ஒட்டிய உறையிலிருந்து ஆளின் கண்முன் பிரிக்கப்பட வேண்டும், உறையில் காலாவதித் தேதி இருக்க வேண்டும். இங்க் பாட்டிலிலிருந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, வேலை முடிந்ததும் மீதியைக் கொட்டிவிட வேண்டும். நிழலுக்காக இங்க்கைக் கலக்கும்போது கேன் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். சுத்திகரித்த ஸ்டெரைல் நீர்தான் சேர்க்கலாம். சாதாரண நீரில் வாழும் காசநோய்க் குடும்பத்துக் கிருமி சில, வாரக்கணக்கில் கழித்து நிழல் பகுதியில் மட்டும் கொப்புளமாகக் கிளம்பும். மெஷினுக்கும் ஒயருக்கும் பிளாஸ்டிக் உறை, புது ரேசர் இரண்டும் பார்க்க எளிது. கையுறையோடு போனை எடுத்தவர் அதே கையுறையோடு திரும்ப ஊசியைத் தொடுகிறாரா என்பதுதான் முக்கியம். கடையின் பழக்கம் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

உங்கள் தோளில் இருக்கும் பி.சி.ஜி. தழும்பையும் தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நல்லது. புடைத்து, ஊசி போட்ட இடத்தைத் தாண்டி வளர்ந்திருந்தால் உங்களுக்குக் கீலாய்டு வாகு, அதாவது தழும்பு மீறி வளரும் வாகு, இருக்கலாம். எழுத்து எழுத்தாகத் தோல் தடித்து எழும்பும். அப்படியானால் தோல் மருத்துவரைக் கேட்காமல் குத்த வேண்டாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், பருவுக்காக ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே பேச்சுதான். குத்தியபின் 12 மாதம் ரத்ததானம் செய்ய முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு வேலை. ஓசூர் கம்பெனியில் கூலண்ட், கிரீஸ் படும் இடத்தில் நிற்பவர் என்றால் தொடர்ந்து நான்கைந்து நாள் லீவு கிடைக்கும்போது முதல் நாளே குத்துங்கள். மாம்பழ சீசன் வெயிலில் பைக்கில் முன்கையைத் திறந்து போட்டு ஓட்டுவது புது டாட்டூவுக்கு நல்லதல்ல. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகும் வழக்கம் இருந்தால் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக் குளியலும் எண்ணெய் மசாஜும் குறைந்தது நான்கு வாரம் ஆகாது.

அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முந்தைய நாளே மது கூடாது. ஸ்டென்சிலைக் கையைத் தொங்கவிட்டு இயல்பாக வைத்திருக்கும்போது ஒட்டச் சொல்லுங்கள். மேஜையில் கையைத் திருப்பி வைத்து ஒட்டினால் முன்கைத் தோலும் திரும்பியிருக்கும், எழுந்து நின்றதும் வரி கோணலாகத் தெரியும். ஒட்டியபின் 10, 15 நிமிடம் காய விடாவிட்டால் துடைக்கும்போதே கோடு கலையும். வலி முன்கையில் பொறுத்துக்கொள்ளும் அளவுதான்.

பிறகு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, வாசனையில்லாத சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு உள்ளங்கையால் கழுவி, ஒற்றி எடுத்து, மாய்ஸ்சரைசரை மெல்லிசாகத் தடவினால் போதும். மஞ்சள், வேப்பிலை அரைப்பு எதையும் புண்ணில் வைக்காதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமும் வேண்டாம், ஆறுவதை அது தாமதப்படுத்தும். நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை செதில் உரியும், அரிக்கும். உரித்தால் இங்க்கும் சேர்ந்து வரும், தட்டிக்கொடுங்கள், சொறியாதீர்கள். மேல்தோல் ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்பு பரவினாலோ, சீழ், காய்ச்சல், கையின் மேல்நோக்கிச் செங்கோடு தெரிந்தாலோ டாட்டூ போட்டவரிடம் போகாமல் நேராகத் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், டாட்டூ குத்திய தேதியைச் சொல்லுங்கள். எல்லாம் நன்றாக ஆறி, எங்காவது கோடு விட்டிருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து டச்சப். அதற்குத் தனிக் காசா, பேசிய தொகையிலேயே அடங்குமா என்பதை முன்பணம் கொடுக்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.