வயசான குதிரைக்கு மூட்டுவாதம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஊட்டியிலிருந்து: என் மட்டக்குதிரைக்கு 18 வயசு, டாக்டர். காலையில லாயத்தை விட்டு வெளியே வரும்போது விறைப்பா நடக்குது. கொஞ்ச தூரம் போனதும் சரியாயிடுது. வயசாயிட்டா இப்படித்தானே?

வயசு என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்வது மூட்டுவாதத்தின் முதல் அடையாளம். மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்கிறது, உள்ளே இருக்கும் வழவழப்பான திரவம் நீர்த்துப்போகிறது. நடக்க நடக்க மூட்டு இளகுவதால் சரியாகிவிட்டதாகத் தெரிகிறது, தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

ஒன்று செய்து பாருங்கள். கெட்டியான தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து யாராவது குதிரையை மெதுவாக ஓட்டட்டும். நீங்கள் தலையைக் கவனியுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது தாழும். பின்னங்கால் என்றால் பின்னாலிருந்து இடுப்பைப் பாருங்கள். வலிக்கிற பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வலித்தால் தலை ஆடவே ஆடாது, அடி மட்டும் குட்டையாக வைக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். பின்னங்கால் லாடத்தின் நுனி மட்டும் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காலை மடக்க முடியாமல் தரையில் இழுக்கிற குதிரைக்கு அப்படித் தேயும்.

லாடம் கட்ட வருபவரிடமும் கேளுங்கள். எந்தக் காலைத் தூக்கினால் குதிரை முரண்டு பிடிக்கிறதென்று அவருக்குத் தெரியும். தூக்கிய காலில்தான் வலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம், பாரம் தாங்கி நிற்கும் எதிர்க்காலிலும் இருக்கலாம்.

பொள்ளாச்சிப் பக்கம், ரேக்ளா குதிரை வைத்திருப்பவர்: முழங்கால் திடீர்னு வீங்கிடுச்சு, தொட்டா சுடுது, காலை ஊன்றவே மாட்டேங்குது. பத்து போடலாமா?

வேண்டாம். இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூட்டுவாதம் மெல்ல வரும். இப்படித் திடீரென்று வந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம், எலும்பு முறிந்தும் இருக்கலாம். ஒரு நாள் தாமதித்தாலும் மூட்டு கெட்டுப்போகும்.

சென்னையிலிருந்து: எங்க குதிரை முன்னங்கால் ரெண்டையும் முன்னால நீட்டி, பாரத்தைப் பின்னால போட்டு நிக்குது. திரும்பச் சொன்னா திரும்பாது. இதுவும் மூட்டுதானா?

லாமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். குளம்பைத் தொட்டால் சூடாக இருக்கும், கணுக்காலுக்குப் பின்புறம் விரல் வைத்தால் நாடி பலமாக அடிக்கும். கொள்ளு, தானியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மெத்தென்ற மணலில் நிற்க வையுங்கள், நடக்க வைக்காதீர்கள், மருத்துவரை உடனே வரவழையுங்கள். கோடையிலும் முடி உதிராமல் நீளமாக இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். வயசான குதிரைகளுக்கு வரும் ஒரு ஹார்மோன் கோளாறின் அடையாளம் அது. அந்தக் கோளாறு உள்ள குதிரைக்குப் பின்னாளில் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டி வந்தாலும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து: மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் ஊசி வாங்கிப் போட்டா நல்லா நடக்குதுன்னு சொல்றாங்க. போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். கால்நடைகளுக்கு அந்த வலி மருந்து 2006-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அது போடப்பட்ட விலங்கு இறந்து, அதைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகின்றன. நாட்டிலிருந்த வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99-க்கும் மேல் இப்படி அழிந்தன. மிஞ்சியவற்றில் ஒரு கூட்டம் உங்கள் மலைக்குக் கீழே மாயார் பள்ளத்தாக்கில்தான் வாழ்கிறது. அதே போன்ற வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் கால்நடைகளுக்குப் போட 2023-ல் தடை வந்துவிட்டது.

கழுகுகளுக்குப் பாதுகாப்பான மெலாக்சிகம் என்ற வலி மருந்து குதிரைக்கும் உதவும். அளவை மருத்துவர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். வலி மருந்து எதுவானாலும் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். ஒரே நேரத்தில் இரண்டு வேண்டாம், தண்ணீர் குடிக்காத குதிரைக்கு வேண்டவே வேண்டாம். தீனி குறைந்தாலோ சாணம் இளகினாலோ மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

கோவையிலிருந்து: ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற குதிரையை வளர்க்கிறேன். மூட்டுவாதம் என்று எக்ஸ்ரேயில் உறுதியாகிவிட்டது. முழு ஓய்வு கொடுத்துக் கட்டிப்போட்டால் நல்லதா?

நாள் முழுக்கக் கட்டிப்போடுவது மூட்டை இன்னும் இறுக்கும். மேடு பள்ளம் இல்லாத இடத்தில் அவிழ்த்து விடுங்கள், தானாக நடக்கட்டும். ஏறிப் போவதானால் முதலில் பத்து, பதினைந்து நிமிடம் நடை மட்டும். வட்டம் சுற்ற விடாதீர்கள்.

உடம்பு எடையைக் குறையுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, உள்ளங்கையால் தடவினால் தட்டுப்பட வேண்டும். குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவுங்கள். முன்பக்கம் நீண்டால் ஒவ்வொரு அடிக்கும் மூட்டில் பாரம் கூடும். லாடம் கட்டும்போது காலைத் தாழ்வாகவே பிடிக்கச் சொல்லுங்கள், நடுவில் இரண்டு மூன்று தடவை இறக்கி விடட்டும்.

அந்தியூரிலிருந்து: முன்னங்கால் கணு ரெண்டிலும் முன்பக்கம் தோல் உரிஞ்சு காயம். எங்கே இடிச்சுக்குதுன்னே தெரியலை. படுத்து நான் பார்த்ததே இல்லை.

நல்ல கேள்வி, இதைக் கவனிப்பவர்கள் குறைவு. குதிரை நின்றபடியே கண் அயரும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும், ஒரு நாளில் அரை மணி நேரமாவது. மூட்டு வலிக்கிற குதிரைக்குப் படுத்தால் எழ முடியாதோ என்ற பயம். நின்றுகொண்டே ஆழ்ந்து தூங்கப் போய், முன்னங்கால் மடங்கிச் சரிந்து, திடுக்கிட்டு எழும். அந்தக் காயம் அப்படி வந்ததாக இருக்கலாம். ராத்திரி கேமராவோ செல்போனோ வைத்துப் பாருங்கள். வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, புரண்டு எழ இடம் விடுங்கள், வலிக்கு வைத்தியம் பாருங்கள். வலி குறைந்தால் பெரும்பாலும் தானாகவே படுக்கத் தொடங்கும்.

மதுரையிலிருந்து: மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமைன் பவுடர் பலன் தருமா?

உறுதியான ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தில் லாடக்காரரை நாள் தவறாமல் வரவழையுங்கள்.