42–41: ஜார்ஜியாவுக்கு என்ன மார்க்? பீச் பவுல் கேள்வி பதில்

2022 டிசம்பர் 31 இரவு, அட்லாண்டாவின் மெர்சிடிஸ் பென்ஸ் அரங்கில் பீச் பவுல் நடந்தது. கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலின் தேசியப் பட்டத்துக்கான அரையிறுதி அது. அந்தப் பருவத்தில் 13 ஆட்டங்களையும் வென்று முதலிடத்தில் வந்த ஜார்ஜியா, நான்காவது அணியாக உள்ளே வந்த ஒஹாயோ ஸ்டேட்டை ஒரே ஒரு புள்ளியில் வென்றது. கடைசிக் குவார்ட்டர் (ஆட்டத்தின் நான்கு கால் பகுதிகளில் கடைசி) தொடங்கும்போது ஜார்ஜியா 24–38 என்று பின்தங்கி இருந்தது. அந்த ஆட்டத்தைப் பிரிவு பிரிவாக எடுத்து கிரேடு போடச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். ஜார்ஜியாவை மனதாரப் பின்தொடர்பவன் நான். அதனாலேயே மார்க்கில் கொஞ்சம் கறாராக இருப்பேன்.

அண்ணா, நான் சென்னையிலிருந்து படிக்க வந்தவன், கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஜெயித்த பிறகு எதற்கு மார்க்? ஜெயித்தது போதாதா?

தம்பி, பட்டத்துக்குப் போக ஜெயித்தது போதும். அணி எப்படி ஆடியது என்று தெரிந்துகொள்ள அது போதாது. கடைசியில் என்ன நடந்தது என்று பார். ஒஹாயோ ஸ்டேட்டின் நோவா ரக்கிள்ஸ் 50 யார்டு தூரத்திலிருந்து ஃபீல்டு கோல் உதைத்தார் (கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி). பந்து இடப்பக்கம் விலகிப் போனது. கடிகாரத்தில் 3 விநாடி மீதி, வெளியே புத்தாண்டு பிறக்கும் நேரம். பந்து நேராகப் போயிருந்தால் 42–44, ஜார்ஜியாவின் பருவம் அங்கேயே முடிந்திருக்கும்.

அந்த உதையை ஜார்ஜியாவில் யாரும் தடுக்கவில்லை. அதனால் என் விதி ஒன்றுதான்: அந்தப் பந்து உள்ளே போயிருந்தாலும் இதே கிரேடைத்தான் கொடுப்பேனா? ஆம் என்று சொல்ல முடிகிற மார்க்கை மட்டும் கீழே எழுதுகிறேன். கிரிக்கெட்டிலும் கடைசிப் பந்தில் எதிரணி கேட்சை நழுவவிட்டதால் ஜெயித்த அணியின் பேட்டிங்கை அந்த ஒரு கேட்சை வைத்து எடைபோட மாட்டாய் அல்லவா, அதே மாதிரிதான்.

ஸ்டெட்சன் பென்னட்டுக்கு என்ன கிரேடு?

ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக், அதாவது பாஸ் எறிந்து தாக்குதலை நடத்துபவர். ஏ மைனஸ். 34 பாஸ்களில் 23 சரியாகப் போய்ச் சேர்ந்தன, மொத்தம் 398 யார்டு, மூன்று டச் டவுன் பாஸ் (பந்தோடு மைதானத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் போனால் ஆறு புள்ளி), கூடவே தானே ஓடி எடுத்த ஒரு டச் டவுன். காகிதத்தில் இது ஏ பிளஸ். ஒரு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துவிட்ட பாஸ்) இருக்கிறது, அதைக் கூட மன்னித்துவிடலாம். மூன்றாவது குவார்ட்டரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் 15 நிமிடத்தில் ஜார்ஜியாவுக்கு ஒரு புள்ளி கூட வரவில்லை, ஒஹாயோ ஸ்டேட் 10 எடுத்தது. காலடி நிலைக்காமல், அவசரமாக எறிந்துகொண்டிருந்தார்.

அப்புறம் நான்காவது குவார்ட்டர். 41–35 என்று பின்தங்கி, 2 நிமிடம் 43 விநாடி மீதி இருக்கும்போது பந்து கைக்கு வருகிறது. 72 யார்டு போக வேண்டும். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் போனார். 54 விநாடி மீதி இருக்கும்போது எண்ட் ஸோனில் அடோனை மிட்செலுக்கு 10 யார்டு பாஸ், சமன். டச் டவுனுக்குப் பிறகு உதைக்கும் கூடுதல் புள்ளி, 42–41. ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணிக்குள் வந்தவர், 25 வயதில், அந்த நெருக்கடியில் இப்படி ஆடியதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. மிட்செலும் அந்தப் பருவத்தில் பெரும்பகுதி கணுக்கால் காயத்தோடு வெளியே உட்கார்ந்திருந்தவர்.

பாஸ் தடுப்பு பற்றிச் சொல்லுங்கள். 41 புள்ளி விட்டுக்கொடுத்தது ஜார்ஜியாதானா என்றே நம்ப முடியவில்லை.

டி பிளஸ். வருத்தத்தோடுதான் போடுகிறேன். அதற்கு முன் அந்த சீசனின் வழக்கமான ஆட்டங்களில் ஜார்ஜியா அதிகபட்சம் விட்டது 22 புள்ளி, கென்ட் ஸ்டேட்டுக்கும் மிசூரிக்கும். பீச் பவுலில் இடைவேளைக்கு முன்பே 28 போய்விட்டது.

ஒஹாயோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் 348 யார்டு, நான்கு டச் டவுன். அவர் பாஸைப் பிடிக்கும் ரிசீவர்களில் மார்வின் ஹாரிசன் ஜூனியருக்கு 106 யார்டு, எமேகா எக்புகாவுக்கு 112. இத்தனைக்கும் ஒஹாயோ ஸ்டேட்டின் இன்னொரு பெரிய ரிசீவரான ஜாக்ஸன் ஸ்மித் என்ஜிக்பா காயத்தால் ஆடவே இல்லை.

எங்கே பிழை? முதல் மூன்று விநாடி ஜார்ஜியா நன்றாகவே தடுத்தது. ஸ்ட்ரவுட் நின்ற இடத்தை விட்டு நகர்ந்து நேரத்தை நீட்டியதும்தான் எல்லாம் குலைந்தது. அவர் அவ்வளவாக ஓட மாட்டார் என்பதுதான் அதுவரை எல்லோருடைய கணிப்பு. அன்று அவர் இடமும் வலமும் நகர்ந்து, தேடி, எறிந்தார். ஐந்தாவது விநாடியில் ரிசீவர் தன் பாதையை விட்டுவிட்டுக் காலி இடத்துக்கு ஓடுகிறார். ரிசீவரைக் காவல் காக்கும் கார்னர்பேக்கின் கண் குவார்ட்டர்பேக் மேல் இருக்கிறது. அந்த ஒரு கணம் போதும். ஹாரிசன் மாதிரி உயரமும் கையும் உள்ளவர் எதிரில் என்றால் அரைக் கணமே போதும்.

திடீரென்று வந்த கோளாறும் இல்லை இது. நான்கு வாரம் முன்பு, இதே அரங்கில், ஜார்ஜியா ஆடும் எஸ்.இ.சி. லீகின் இறுதியில் எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) இவர்களுக்கு எதிராக 502 யார்டு பாஸ் எறிந்தது. ஜார்ஜியா 50–30 என்று ஜெயித்ததால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. மார்க் போடும் பழக்கம் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

டி பிளஸ்ஸில் அந்த பிளஸ் எதற்கு என்றால், கடைசிக் குவார்ட்டரில் ஒஹாயோ ஸ்டேட்டுக்குக் கிடைத்தது மூன்றே புள்ளி.

அந்த மூன்று புள்ளிக்கும் காரணம் ஹாரிசன் வெளியே போனதுதானே? நான் ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் இருக்கிறேன், எங்களுக்கு அந்த வலி இன்னும் ஆறவில்லை. உங்கள் தற்காப்பு வீரர் ஜாவோன் புல்லார்ட் இடித்தது டார்கெட்டிங் (தலையைக் குறிவைத்து மோதும் குற்றம்) இல்லையா?

உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஹாரிசன் போனது ஆட்டத்தை மாற்றியது, அதை மறுக்கிறவர் ஆட்டத்தைப் பார்க்காதவர். மூன்றாவது குவார்ட்டர் முடியும் நேரம், எண்ட் ஸோனில் பந்துக்காகத் தாவினார், புல்லார்ட் வந்து மோதினார். நடுவர் டார்கெட்டிங் என்று கொடி எறிந்தார். வீடியோ பார்த்த பிறகு அது ரத்தானது. ஒஹாயோ ஸ்டேட் ஃபீல்டு கோலோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது, 38–24. கொடி நின்றிருந்தால் கோல் கோட்டருகே முதல் டவுன் (புதிதாக நான்கு முயற்சிகள்) கிடைத்திருக்கும், அநேகமாக 42–24.

என் கண்ணுக்கு அது தோளால் வந்த மோதல். ரத்து செய்தது சரி என்றே நினைக்கிறேன். பந்தைப் பிடிக்கவிடாமல் தடுத்த அந்த ஆட்டத்துக்குப் புல்லார்டுக்குத் தனியாக பி பிளஸ் கொடுப்பேன். ஆனால் ஒரு வீரர் மூளை அதிர்ச்சியோடு வெளியேறியதை ஜார்ஜியாவின் சாதனைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஹாரிசன் இல்லாத ஒஹாயோ ஸ்டேட்டை அடக்கியதற்கு மார்க் உண்டு, முழு மார்க் கிடையாது.

முன்வரிசை?

தாக்குதல் முன்வரிசைக்கு பி பிளஸ். முன்வரிசையின் வலது ஓரத்தில் தடுக்கும் டாக்கிள் வாரன் மெக்லெண்டன் காயத்தால் இல்லை, அமேரியஸ் மிம்ஸ் அந்த இடத்தில் இறங்கினார், அவர் நன்றாகவே சமாளித்தார். டைட் எண்ட் (பாஸும் பிடித்து, தடுக்கவும் செய்பவர்) டார்னல் வாஷிங்டனும் நடுவில் காயத்தோடு வெளியேறினார். அவர் தடுப்பதற்கே ஒரு கூடுதல் டாக்கிள் மாதிரி பயன்படுபவர், அந்த இழப்பு ஓட்டத்தில் தெரிந்தது.

தற்காப்பு முன்வரிசைக்கு சி. ஸ்ட்ரவுடை நெருங்கினார்கள், பிடித்து நிறுத்தவில்லை.

ஓட்ட ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லையே, சார்?

135 யார்டு, பி. கென்டல் மில்டனின் 11 யார்டு டச் டவுன் அழகாக இருந்தது. 14 புள்ளி பின்தங்கிய அணி கடைசியில் ஓடிக்கொண்டிருக்க முடியாது, அதனால் இதில் தீர்ப்பு சொல்ல அதிகம் இல்லை.

ஜார்ஜியா கோச் கர்பி ஸ்மார்ட் கேட்ட அந்த டைம் அவுட்தான் ஆட்டத்தையே திருப்பியது என்கிறார்கள். அவ்வளவு பெரிய விஷயமா? கோச்சிங்குக்கு என்ன கிரேடு?

அவ்வளவு பெரிய விஷயம்தான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், புதியவர்களுக்கும் புரியட்டும். நான்காவது குவார்ட்டர், 38–27. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, பந்தைத் தக்கவைக்க ஒரு யார்டு தேவை. பன்ட் (பந்தை எதிரணிக்குத் தூரமாக உதைத்துக் கொடுப்பது) உதைக்கிற மாதிரி வரிசை கட்டினார்கள். பந்து உதைப்பவருக்குப் போகாமல் முன்னால் நின்றவர் கைக்கு வந்தது, அவர் ஓடி முதல் டவுனையும் தாண்டிவிட்டார். ஆனால் பந்து எழும் முன்பே ஸ்மார்ட் டைம் அவுட் கேட்டிருந்தார். ஆட்டம் செல்லாது. இரண்டாவது தடவை ஒஹாயோ ஸ்டேட் உண்மையிலேயே பன்ட் உதைத்தது.

அந்தப் பந்தை வாங்கிய ஜார்ஜியா என்ன செய்தது? பென்னட் எறிந்த நீளமான பாஸ், ஏரியன் ஸ்மித், 76 யார்டு டச் டவுன். காவலுக்கு இருந்தவர் வழுக்கி விழுந்தார், ஸ்மித் தனியாக ஓடினார். டச் டவுனுக்குப் பிறகு உதைக்காமல் எறிந்த பாஸை லாட் மெக்கான்கி பிடித்து இரண்டு கூடுதல் புள்ளி எடுத்தார், 38–35. ஒரு டைம் அவுட் இல்லையென்றால் இது எதுவும் நடந்திருக்காது. கைவசம் இருக்கும் டைம் அவுட்டை அவ்வளவு முன்னதாகச் செலவழிக்கவும் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் கடைசி இரண்டு நிமிடத்தில் அது இல்லாமல் தவிக்க நேரலாம். எதிரணியின் பன்ட் வரிசை எப்படி நிற்கும் என்று வாரக்கணக்கில் படித்தவர்களுக்குத்தான் அந்தச் சில விநாடியில் சந்தேகம் வரும். இதற்கு மட்டும் ஏ பிளஸ்.

அதற்கு முன் 38–24 என்று இருக்கும்போது ஃபீல்டு கோல் எடுத்ததையும் பலர் திட்டினார்கள். நான் அதைச் சரி என்பேன். 11 புள்ளி வித்தியாசம் என்றால் ஒரு டச் டவுன், இரண்டு புள்ளி, ஒரு ஃபீல்டு கோல், சமன். நேரம் இருந்தது.

ஆனால் மொத்த கோச்சிங்குக்கு பி மைனஸ்தான். ஒரு மாத அவகாசம் இருந்தது. எல்.எஸ்.யு. காட்டிக்கொடுத்த ஓட்டையை அடைக்க அது போதுமான காலம். அடைக்கவில்லை.

கடைசி 54 விநாடியில் தற்காப்பு என்ன செய்துகொண்டிருந்தது? என் நெஞ்சு நின்றுவிட்டது.

அந்த 54 விநாடியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் பாதி எஃப். ஸ்ட்ரவுட் காலி இடத்தைக் கண்டு 27 யார்டு ஓடினார். ஓடமாட்டார் என்று விட்ட அதே தப்பு, அதே ஆட்டத்தில், ஆகக் கடைசியிலும். பந்து ஜார்ஜியாவின் 31 யார்டு கோட்டருகே வந்துவிட்டது.

இரண்டாம் பாதிக்கு ஏ. அதற்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட் ஒரு யார்டு கூட முன்னேறவில்லை, ஓடிய ஒரு ஆட்டத்தில் ஒரு யார்டு பின்னால்தான் போனது. 50 யார்டு உதையும் 40 யார்டு உதையும் ஒன்றல்ல. ரக்கிள்ஸ் தவறவிட்டதை ஜார்ஜியாவின் மார்க்கில் சேர்க்க மாட்டேன் என்றேன், அதில் மாற்றமில்லை. அவரை அவ்வளவு தூரத்திலிருந்து உதைக்க வைத்ததைச் சேர்ப்பேன்.

மொத்த கிரேடு?

பி. 533 யார்டு எடுத்து, 467 யார்டு விட்டுக்கொடுத்த அணிக்கு அதற்கு மேல் இல்லை. அக்டோபரில் மிசூரியிடம் 10 புள்ளி பின்தங்கிப் பிறகு 26–22 என்று தப்பித்த ஆட்டத்துக்கு நான் சி பிளஸ் கொடுப்பேன். அதைவிட இது நல்ல ஆட்டம், எதிரணியும் பல மடங்கு பலமானது.

தேசிய இறுதியில் டி.சி.யு.வை (டெக்சாஸ் கிறிஸ்டியன்) 65–7 என்று நொறுக்கினார்களே. அப்படியென்றால் டி பிளஸ் என்ற உங்கள் மதிப்பீடே தப்பு ஆகாதா?

ஆகாது, தம்பி. 2023 ஜனவரி 9 அன்று ஆடியது வேறு எதிரணி, வேறு ஆட்டம். டி.சி.யு. மொத்தம் எடுத்ததே 188 யார்டு. ஒஹாயோ ஸ்டேட்டிடம் இருந்த ரிசீவர்கள் டி.சி.யு.விடம் இல்லை. முந்தைய வாரக் குறையை ஜார்ஜியா உட்கார்ந்து திருத்தியது என்றும் நினைக்கிறேன்.

ஒன்றைக் கவனித்தாயா? அந்த இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் புல்லார்ட் இரண்டு இன்டர்செப்ஷன் எடுத்தார். பீச் பவுலில் அந்த டார்கெட்டிங் கொடி ரத்தாகாமல் இருந்திருந்தால், அப்போதைய விதிப்படி அவர் அந்த முதல் பாதி முழுவதும் வெளியே உட்கார்ந்திருப்பார். இரண்டாம் பாதியில் வெளியேற்றப்பட்டவருக்கு அன்று அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும் போய்விடும் என்பதுதான் விதி.

மறுபடி கொலம்பஸிலிருந்து. தோற்ற எங்களுக்கும் ஒரு கிரேடு போடுங்களேன்.

கட்டாயம். ஸ்ட்ரவுடுக்கு ஏ. பென்னட்டை விட அரைப் படி மேலே வைக்கிறேன், ஏனென்றால் அவர் நான்கு குவார்ட்டரும் ஆடினார், ஒரு இன்டர்செப்ஷன் கூட இல்லை. மிச்சிகனிடம் சொந்த மைதானத்தில் 45–23 என்று தோற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அந்த அணி இப்படி ஆடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தற்காப்புக்கு சி, நான்காவது குவார்ட்டரில் 18 புள்ளி விட்டால் வேறு வழியில்லை. கோச் ரயன் டேயின் பொய் பன்ட் முடிவுக்கு நான் மார்க் குறைக்க மாட்டேன், அது நல்ல முடிவு, எதிரில் இருந்தவர் கண்டுபிடித்துவிட்டார்.

ரக்கிள்ஸைத் திட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு நிமிடத்துக்குச் சற்று முன்புதான் அவர் 48 யார்டிலிருந்து உள்ளே போட்டு உங்களுக்கு ஆறு புள்ளி முன்னிலை கொடுத்தார். உதைப்பவருக்கு பி.