பிக்கப் வண்டியில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலருக்கு நானே ஒயரிங் செய்துகொள்ளலாமா?

செய்யலாம். பெடலை மிதித்ததும் பின்னால் இழுக்கும் டிரெய்லரின் எலக்ட்ரிக் பிரேக்குக்குக் கரண்ட் அனுப்புகிற பெட்டிதான் கன்ட்ரோலர், அதற்கு மொத்தமே நாலு ஒயர்தான். அந்த நாலில் ஒன்றைத் தப்பாகக் கொடுத்து எண்ணூர் விரைவுச் சாலையில் புகை கிளப்பியவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தண்டையார்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. ஹார்பர் டிரெய்லர்கள் நிறையப் பார்த்த கைதான், ஆனால் அதெல்லாம் 24 வோல்ட், பிரேக் பிடிப்பதோ காற்றில். 2021-ல் குவைத்திலிருந்து திரும்பி வந்த ஒரு தம்பி, எலக்ட்ரிக் பிரேக் வைத்த ஆக்சில், கன்ட்ரோலர் எல்லாம் வெளியிலிருந்து வரவழைத்து ஒரு டிஃபன் கடை டிரெய்லர் கட்டியிருந்தார். "அண்ணா, நீங்கதான் பண்ணித் தரணும்" என்றார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

கறுப்பு ஒயர் பேட்டரி பிளஸ்ஸுக்கு, நடுவில் சர்க்யூட் பிரேக்கர்: ஒரு ஆக்சில் என்றால் 20 ஆம்பியர், இரண்டு என்றால் 30. வெள்ளை மைனஸுக்கு, நீலம் பின்னால் டிரெய்லர் பிளக்குக்கு. இந்த மூன்றும் சரியாகத்தான் போட்டேன். வம்பு சிவப்பில். அது பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சில், பெடலை மிதித்தால் மட்டும் கரண்ட் வரும் ஒயரில் சேர வேண்டும். தலைகீழாகப் படுத்து டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கிறேன், இரண்டு ஒயரிலும் எரிகிறது. கடைப் பையன் பெடல் மேல் வைத்த காலை எடுக்கவே இல்லை! சரி என்று கைக்கு எட்டின ஒயரில் சேர்த்து டேப் அடித்துவிட்டேன். அது எப்போதும் கரண்ட் இருக்கிற பக்கம்.

கன்ட்ரோலரில் லைட் எரிந்தது. வேலை செய்கிறது என்று நினைத்தேன். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வண்டியின் பிரேக் லைட் எரியவில்லை, அதனால் பின்னால் வந்தவனுக்கும் தெரியாது. திருவொற்றியூர் தாண்டும் வரை கன்டெய்னர் லாரி வரிசையில் ஊர்ந்துதான் போனோம், கருகின வாசனை வந்தபோது ஏதோ லாரியின் கிளட்ச் என்று விட்டுவிட்டோம். எர்ணாவூர் பக்கம் இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் பிரேக் டிரம்மில் கை வைக்க முடியவில்லை. லைனர் பணம் நான்தான் கொடுத்தேன்.

அந்த லாரி வரிசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். டிரைவர்கள் ரோட்டு ஓரத்திலேயே சமைத்து, கேபினிலேயே தூங்கி, ஒதுங்க ஒரு கழிப்பறை இல்லாமல் கிடக்கிறார்கள். நாங்களோ ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்புகிறோம். வடசென்னை என்றால் எல்லாருக்கும் ஹார்பருக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புது வண்டிகளில் பெடல் சுவிட்ச் ஒயர் நேராக லைட்டுக்குப் போகாமல் கம்ப்யூட்டருக்குப் போகலாம், அங்கே டெஸ்ட் லாம்ப் வேண்டாம், மல்டிமீட்டர் வையுங்கள். எர்த்தை, அதாவது அந்த வெள்ளை ஒயரை, பாடியில் ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டாதீர்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் அது துருப்பிடித்து பிரேக் ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் பிடிக்காது. நேராக பேட்டரி மைனஸுக்கே கொண்டு போங்கள்.

"ஆர்டிஓ ஒத்துக்கொள்வாரா" என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கு, அது வேறு கேள்வி. நான் டிப்ளமோ படித்தவனும் இல்லை, கன்ட்ரோலரோடு வந்த தாளில் வேறு மாதிரி இருந்தால் அதையே பாருங்கள்.

வேலை முடிந்ததும் டிரெய்லர் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பெடலைத் தொடாமல் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். பெடலை மிதித்தால் நிற்க வேண்டும்; வண்டி வேகம் குறைவதை வைத்து வேலை செய்கிற கன்ட்ரோலர் என்றால் நின்ற வண்டியில் பெடலுக்கு நிற்காமல் போகலாம், அப்போது அதன் கை லிவரைத் தள்ளிப் பாருங்கள். அன்றைக்கு ஜாக்கி என் காலடியில்தான் கிடந்தது.