டோரதி அலிசன்: நீங்க கேக்காம விட்டது

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர் டோரதி அலிசனோட 'பாஸ்டர்ட் அவுட் ஆஃப் கரோலினா' நாவல் படிச்சேன். மாற்றாந்தகப்பன் பண்ண பாலியல் கொடுமையாலதான் அவங்க லெஸ்பியன் ஆனாங்களா? சொந்த சோகத்தையே நாவல்னு எழுதினா அது இலக்கியமா?
- வாசகர், திருச்சி

பதில்: முதல் கேள்விக்கு பதில், இல்லைங்க. சின்ன வயசுல அந்தக் கொடுமைய அனுபவிச்ச எத்தனையோ பொண்ணுங்க பிற்பாடு ஆம்பளைங்களை விரும்பி கல்யாணம் பண்ணிக்கிறாங்க, அவங்க ஆசை எங்கேருந்து வந்துச்சுன்னு யாராவது காரணம் தேடறாங்களா?

'ஸ்கின்'னு 1994ல வந்த கட்டுரைத் தொகுப்புல அலிசனே இதுக்கு நேரா பதில் சொல்லிருக்காங்க. டீனேஜ்லயே லெஸ்பியன்னு தெரியும், அந்தக் கொடுமையோட பாதிப்பிலேருந்து வெளிய வர இருபது வருஷம் போராடினேன், ஆனா என் வாழ்க்கையோட மையமே வேறயா இருக்கலாம்னு எழுதறாங்க. அது என்னன்னா, 1949ல தெற்கு கரோலினாவுல கிரீன்வில் ஊர்ல, பரம ஏழைக் குடும்பத்துல, ஏழாங்கிளாஸோட படிப்ப விட்டுட்டு ஹோட்டல்ல பரிமாறிட்டிருந்த, பதினஞ்சு வயசு தாண்டி ஒரே மாசம் ஆன, கல்யாணம் ஆகாத ஒரு பொண்ணுக்குப் பொறந்தது. நீங்க கேட்ட ரெண்டு கேள்வியிலயும் ஏழ்மைங்கற பேச்சே இல்ல பாருங்க, எனக்கு உறுத்தறது அதுதான்.

நாவல்ல 'போன்' (Bone)னு கூப்பிடற குழந்தையோட பிறப்புச் சான்றிதழ்ல முறைகேடா பொறந்ததுன்னு முத்திரை குத்திடறாங்க, அம்மா ஆனி வருஷா வருஷம் கோர்ட்டுக்குப் போய் அத எடுக்கச் சொல்லிக் கேக்கறா, அங்க இருக்கறவங்க சிரிக்கறாங்க. அந்தக் குடும்பத்து மாமனுங்க குடிப்பாங்க, அடிதடி பண்ணி ஜெயிலுக்குப் போவாங்க, பொண்ணுங்க சின்ன வயசுலயே மாசமாகி சீக்கிரமே கிழவியாயிடுவாங்க. கிழிஞ்ச துணியானாலும் சுத்தமா, உழைச்சு மானத்தோட வாழற ஏழைன்னா படிக்கறவங்களுக்கு இரக்கம் வரும், ஆனா தன் சனங்க அப்படி இல்லன்னு தெரிஞ்சே அலிசன் அவங்கள அப்படியே பாசத்தோட எழுதினாங்க. இதத்தான் நான் பெரிய தைரியம்னு சொல்வேன்.

பெண்ணிய இயக்கத்துக்குள்ளயும் அவங்களுக்கு நிம்மதி கிடைக்கல. அங்க பல காலம் தன் வர்க்கத்த மறைச்சுட்டு இருந்திருக்காங்க. 1982ல நியூயார்க் பார்னார்ட் காலேஜ்ல பாலியல் பத்தி ஒரு மாநாடு நடந்தப்போ, ஆபாசப்பட எதிர்ப்புப் பெண்ணியவாதிங்க இவங்க இருந்த லெஸ்பியன் குழுவையும் சேத்து நோட்டீஸ் அடிச்சு கண்டிச்சாங்க.

இலக்கியமான்னு கேட்டீங்க. நடந்ததை அப்படியே ஒப்பிக்கல அவங்க. நிஜத்துல அம்மா புருஷன விடல, குடும்பம் ஃப்ளோரிடாவுக்குப் போச்சு, கொடுமை வருஷக்கணக்கா தொடர்ந்துச்சு. நாவல்ல பதிமூணு வயசுகூட ஆகாத அந்தப் பொண்ணு 'போன்'ன, ஆனி தன் அக்கா ரேலீன்கிட்ட விட்டுட்டு, முத்திரை இல்லாத சான்றிதழ கையில குடுத்துட்டு, புருஷனோட போயிடறா. ரேலீன் ஆத்தங்கரையில தனியா வாழறவ, ஒரு காலத்துல இன்னொரு பொண்ண நேசிச்சவ. நிஜத்துல தனக்குக் கிடைக்காத வீட்ட அந்தப் பொண்ணுக்குக் குடுத்திருக்காங்க, இத யோசிச்சு கட்டின எழுத்துன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது? 1992ல அமெரிக்காவோட பெரிய இலக்கிய விருதான நேஷனல் புக் அவார்ட் இறுதிப் பட்டியல் வரைக்கும் போன நாவல் அது.

'ஸ்கின்'ல வர்க்கத்தப் பத்தின கட்டுரைய படிச்சிட்டு, நாவல இன்னொரு தடவை எடுங்க. இந்தத் தடவை ஆனியப் பத்தி எனக்கு எழுதுங்க.