நேமியில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

ரோம் பற்றிய கட்டுரையில் நேமி ஏரியை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போயிருந்தீர்கள். வரும் ஜூன் மாதம் நானும் கணவரும் இத்தாலி செல்கிறோம். முதலில் ரோம், பிறகு நேப்பிள்ஸும் பொம்பெயும். ரோமில் இருக்கும்போது ஒரு நாளை நேமிக்கு ஒதுக்கலாமா என்று யோசிக்கிறேன். கல்லூரி நாட்களில் ஃபிரேசரின் ‘தங்கக் கிளை’ நூலில் வாசித்த, வாளும் கையுமாக அலையும் பூசாரியின் கதை இன்னும் மனதில் இருக்கிறது. அது நிஜமா, கட்டுக்கதையா? கணவரோ, “ரோமப் பேரரசன் கலிகுலாவின் கப்பல்கள் எரிந்து 80 வருடம் தாண்டிவிட்டது. வெறும் தண்ணீரைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?” என்கிறார். உங்கள் கருத்து என்ன?

ச., கோவை

அன்புள்ள ச.,

தாராளமாகப் போகலாம். ஆனால் பூசாரியையும் கலிகுலாவையும் மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். என்னைக் கேட்டால், அந்த ஏரியில் பார்க்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

முதலில் உங்கள் பூசாரி. அவர் நிஜம்தான். ஏரிக்கரையில் டயானா தேவிக்கு ஒரு தோப்பும் கோயிலும் இருந்தன. அங்கே பூசாரி ஆவதற்கு ஒரே வழி, இருக்கிற பூசாரியைக் கொல்வது. தப்பியோடி வந்த அடிமைக்கு மட்டுமே அந்த உரிமை. தோப்பில் குறிப்பிட்ட மரத்தின் கிளையை ஒடித்துவிட்டால் சண்டைக்கு அழைக்கலாம். வென்றால் ‘தோப்பின் அரசன்’ என்ற பட்டம், அடுத்தவன் வந்து வெட்டும்வரை. உருவிய வாளோடு சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டே இருப்பவன் என்று கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ஒருவன் பல வருடமாகப் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கிறானே என்று பலசாலி ஒருவனைக் கலிகுலா ஏவிவிட்டதாகச் சொல்கிறார் ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கப் பயணி பௌசானியஸ், இந்தச் சண்டை தன் காலத்திலும் நடப்பதாகக் குறிப்பிடுகிறார். மூன்று பேர் மூன்று காலத்தில் சொன்னதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது.

தங்கக் கிளை வேறு விவகாரம். ஃபிரேசர் தன் நூலை டர்னரின் ஓவியத்தைப் பற்றிப் பேசித்தான் தொடங்குகிறார். அதில் இருப்பது நேமி ஏரி என்கிறார். ஆனால் 1834-இல் டர்னர் வரைந்தது அவெர்னஸ் ஏரி. பாதாள உலகுக்குள் இறங்குவதற்காக ரோமக் கவிஞர் வர்ஜிலின் காவிய நாயகன் ஏனியஸ் தங்கக் கிளையைப் பறித்தது அந்த ஏரியின் பக்கத்தில்தான். அந்தக் கிளையையும் நேமியின் மரக்கிளையையும் முடிச்சுப் போட்டவர் சேர்வியஸ் என்ற பழைய உரையாசிரியர். அந்த முடிச்சை நம்பி எத்தனை பாகம் எழுதிக் குவித்துவிட்டார் ஃபிரேசர்! உங்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. அவெர்னஸ் நேப்பிள்ஸுக்கு மேற்கே, பொத்சுவோலியை அடுத்து இருக்கிறது. அதுவும் எரிமலைவாய் ஏரிதான். கி.மு. 37-இல் ரோமத் தளபதி அக்ரிப்பா கால்வாய் வெட்டி அதைக் கடலோடு இணைத்துப் போர்க்கப்பல் துறைமுகமாக்கினார். நரகவாசல் என்று எல்லோரும் நடுங்கிய இடத்தில் மாலுமிகளுக்குத் துடுப்புப் பயிற்சி! பொம்பெய் போகும்போது ஒரு மாலையை அதற்கு ஒதுக்குங்கள்.

இனி நேமி. ரோமுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கிருக்கும் ஆல்பன் குன்றுகள் என்பதே உறங்கிக் கிடக்கும் பெரிய எரிமலைதான். அதன் வாய்களில் ஒன்றில் தேங்கிய நீர் இந்த ஏரி. ஊர் வாயின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஏரி அதற்கு 200 மீட்டர் கீழே. கரையில் அருங்காட்சியகம். கப்பல் மாதிரிகளுக்கு முன்னால் எல்லோரும் கூடி நிற்பார்கள். நீங்கள் கோயில் பகுதியில் கிடைத்த சுடுமண் பொருட்களைத் தேடிப் போங்கள். கை, கால், கருப்பை, மடியில் குழந்தையோடு தாய். எல்லாம் நேர்த்திக்கடன். பிள்ளை வரம் வேண்டியும் சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் கொண்டுவந்து வைத்தவை. பல துண்டுகள் அச்சில் அழுத்தி எடுக்கப்பட்டவை. வாங்க முடிகிற விலையில் விற்றிருப்பார்கள் என்று தோன்றுகிறது. வேண்டுதல் பலித்தவர்கள் தலையில் மாலையும் கையில் தீப்பந்தமுமாக ரோமிலிருந்து நடந்து வருவார்கள் என்றும், வேலியெங்கும் நூலிழைகள் தொங்கும் என்றும் ரோமக் கவிஞர் ஓவிட் பாடியிருக்கிறார். டயானாவின் திருநாள் ஆகஸ்ட் 13. அன்று அடிமைகளுக்கும் விடுமுறை. பூசாரிப் பதவியில் ஒரு நேரத்தில் ஒருவன்தான் இருக்க முடியும். இந்தப் பெண்களோ நூற்றாண்டுக் கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். ஃபிரேசர் அவர்கள் பக்கம் திரும்பி எழுதியிருந்தால் இத்தனை வாசகர்கள் கிடைத்திருப்பார்களா என்பது சந்தேகமே. கொலைக்கு இருக்கும் மவுசு பிரசவத்துக்கு என்றைக்கு இருந்திருக்கிறது?

ஒரு குறை உண்டு. 1885-இல் இங்கே தோண்டிய ஆங்கிலேயப் பிரபு சாவில் கிடைத்தவற்றில் கணிசமான பங்கை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமுக்குக் கொண்டுபோய்விட்டார். ஃபுண்டிலியா என்ற பெண்ணின் பளிங்குச் சிலை கோபன்ஹேகனில் இருக்கிறது. மிச்சத்தைத்தான் பார்க்கிறோம்.

அடுத்தது, நான் நேமியை மறக்காமல் இருப்பதற்கான காரணம்: சுரங்கம். எரிமலைவாய் ஏரிக்கு இயற்கையான வடிகால் கிடையாது. மழை வலுத்தால் நீர் ஏறிக் கோயிலைத் தொடும். கி.மு. 5 அல்லது 4-ஆம் நூற்றாண்டில் மலையின் விளிம்பைக் குடைந்து, ஏறத்தாழ 1,650 மீட்டர் நீளத்துக்கு, அரிச்சா பள்ளத்தாக்கு வரை வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். இரண்டு முனைகளிலிருந்தும் குடைந்துகொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். விளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் கொத்திய தடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். ஓரிடம் வரை அவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அதைத் தாண்டியதும் எதிர்ப்பக்கமாக. இரு குழுக்களும் முட்டிக்கொண்ட இடம் அது. வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

கலிகுலாவின் பெயரோ ஈயக் குழாயில்கூட இருந்தது. அதை வைத்துத்தான் கப்பல்கள் அவருடையவை என்று உறுதிசெய்தார்கள். இரண்டு கப்பல்கள், ஒவ்வொன்றும் 70 மீட்டருக்கும் மேல் நீளம். ஏரியின் பரப்போ இரண்டு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. கடற்புழு அரிக்காமலிருக்க அடிப்பகுதி முழுவதும் ஈயத் தகடு போர்த்தியிருந்தார்கள். நன்னீரில் ஏது கடற்புழு? ஏரியில் மூழ்கிக் கிடந்த கப்பல்களை 1446-இல் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டி இழுத்துப் பார்த்தார், 1535-இல் பொறியாளர் தே மார்க்கி நீரில் மூழ்கிப் பார்த்தார். கடைசியில் 1928-இல் முசோலினியின் அரசு ஏரியையே இறைக்கத் தொடங்கியது. அப்போது தண்ணீர் வெளியேற வழி எது? அதே பழைய சுரங்கம்தான். தூர்வாரினார்கள், வேலை செய்தது. நீர்மட்டம் 20 மீட்டருக்கும் மேல் இறங்கி இரண்டு கப்பல்களும் வெளியே வந்தன. அவற்றுக்காகவே கட்டிய அருங்காட்சியகத்தில் 1944 மே 31 இரவு தீப்பிடித்தது. ஜெர்மானியர் வைத்த தீ என்கிறது ஒரு தரப்பு, நேச நாட்டுக் குண்டு என்கிறது இன்னொன்று. ரோம் விடுதலையானது ஜூன் 4 அன்று. நான்கு நாள் தள்ளிப்போயிருக்கக் கூடாதா என்று அங்கே நிற்கும் யாருக்கும் தோன்றும்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: எல்லாம் சாம்பலாகிவிடவில்லை. 1895-இல் ஏரியிலிருந்து எடுத்த வெண்கல ஓநாய்த் தலைகளும் பாம்புக் கூந்தல் அரக்கி மெதூசாவின் தலையும் ரோமில் தெர்மினி ரயில் நிலையத்தை ஒட்டிய மாசிமோ அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கப்பலின் மொசைக் தளத்தில் ஒரு சதுரம் பல வருடம் நியூயார்க் வீடொன்றில் காபி மேசையாகக் கிடந்து, 2017-இல் பறிமுதலாகி, 2021-இல் நேமிக்கே வந்து சேர்ந்தது. பச்சை, சிவப்புக் கற்கள் இன்னும் பளபளவென்று இருக்கின்றன.

ரோமில் மெட்ரோ ‘ஏ’ பாதையில் கடைசி நிலையமான அனாஞ்ஞினா வரை போய், அங்கிருந்து ஜென்சானோ செல்லும் பஸ்ஸில் ஏறுங்கள்; நேமிக்குப் பெரும்பாலும் அங்கே மாற வேண்டியிருக்கும். ஜூன் தொடக்கம் என்றால் ஸ்ட்ராபெர்ரித் திருவிழாவும் கிடைக்கலாம். சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும் காட்டு வகைப் பழம், வாசனைதான் அதன் விசேஷம். திருவிழாக் கூட்டம் பிடிக்காது என்றால் வார நாளில் போங்கள். சுரங்கத்துக்குள் நினைத்தபோது நுழைய முடியாது, வழிகாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். உள்ளே சேறு, சில இடங்களில் குனிந்துதான் நடக்க வேண்டும். கணவருக்கு இடுப்புவலி என்றால் மேலே பழக்கடை ஒன்றில் அவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.